டாகாவ் வதைமுகாம் நினைவிடம்: தனி வழிகாட்டியுடன் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மியூனிக்கில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், கோடை விடுமுறைக்கு வரும் தங்கை குடும்பம், மாநாட்டுக்கு வந்து ஒரு நாள் மிச்சம் இருக்கும் நண்பர் என்று யார் வந்தாலும் பட்டியலில் டாகாவ் இருக்கும். போவதற்கு முன் அவர்கள் கேட்கிற கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

டாகாவில் என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரி 30. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 22 அன்று டாகாவ் முகாம் திறக்கப்பட்டுவிட்டது. முதல் உலகப்போர்க் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. அந்த இடத்தைத்தான் முகாமாக மாற்றினார்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. அப்போது மியூனிக் காவல்துறைத் தலைவராக இருந்த ஹிம்லரே அறிவித்தார், 5,000 பேரை அடைக்கலாம் என்று முந்தின நாள் செய்தித்தாளிலேயே வந்தது.

முதலில் உள்ளே போனவர்கள் அரசியல் எதிரிகள். கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்தினர். பிறகு யூதர்கள், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், 'ஜிப்சி' என்று அழைக்கப்பட்ட சின்டி, ரோமா மக்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், பாதிரியார்கள், போர் தொடங்கியபின் போலந்து, சோவியத், பிரான்ஸ் என்று ஐரோப்பா முழுவதிலுமிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். 12 ஆண்டுகளில் 40-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 2,00,000-க்கும் அதிகமானோர் இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 41,500 பேர் இறந்தார்கள். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை உள்ளே நுழைந்தது.

நாஜிகளின் முகாம்களில் ஆட்சியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்தது இது ஒன்றுதான். மற்ற முகாம்களுக்கு மாதிரியும் இதுவே. காவலர்களுக்கான விதிகளும் கைதிகளுக்கான தண்டனைப் பட்டியலும் தியோடோர் ஐக்கே என்ற இரண்டாவது தளபதி காலத்தில் இங்கே எழுதப்பட்டு மற்ற இடங்களுக்குப் போயின. பின்னாளில் ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதியான ருடால்ஃப் ஹோஸ், காவலராகத் தொழில் பழகியது இங்கேதான்.

விஷவாயு அறைகளில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது இங்கேதானா?

இல்லை. அது ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ், திரெப்லிங்கா, சோபிபோர், பெல்செக் போன்ற, இன்றைய போலந்தில் இருக்கும் இடங்களில் நடந்தது. ஆஷ்விட்ஸில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். டாகாவில் மனிதர்கள் செத்தது பட்டினியால், நோயால், அடியால், உழைப்பால், துப்பாக்கியால், மருத்துவப் பரிசோதனைகளால். கடைசிக் குளிர்காலத்தில் டைஃபஸ் காய்ச்சல் மட்டும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

டாகாவிலும் ஒரு விஷவாயு அறை இருக்கிறது, குளியலறை என்ற பெயர்ப்பலகையோடு. அதைக் கூட்டக்கொலைக்குப் பயன்படுத்தவில்லை. ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு 'அப்ப பரவாயில்லை' என்று நகர்ந்துவிட வேண்டாம். உழைக்க முடியாதவர்கள் என்று பிரிக்கப்பட்ட 2,500-க்கும் மேற்பட்ட டாகாவ் கைதிகளை, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹார்ட்ஹைம் மாளிகைக்கு அனுப்பி அங்கே வாயு வைத்துக் கொன்றார்கள். தனியாகச் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். நல்ல வழிகாட்டி அந்த அறை வாசலில் நின்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

நுழைவு இலவசம், ஆடியோ கைடும் உண்டு. பிறகு வழிகாட்டி எதற்கு?

அங்கே பார்ப்பதற்கு இருப்பது பெரும்பாலும் வெற்றிடம் என்பதால்.

கைதிகள் பகுதியில் இருந்த 34 பாரக்குகளில், அதாவது நீண்ட கொட்டகைகளில், ஒன்றுகூட இன்று இல்லை. போருக்குப் பின் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானிய அகதிகள் 1948 முதல் அவற்றில் குடியிருந்தார்கள், அறுபதுகளில் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். இரண்டை மட்டும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மற்றவை இருந்த இடத்தில் தரையில் ஒரு கான்கிரீட் விளிம்பு, நடுவில் சரளைக்கல், எண் பொறித்த ஒரு கல். தனியாகப் போனால் அந்தப் பெரிய மைதானத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். 'இதுதான் பாதிரியார்களின் பாரக், 2,700-க்கும் மேற்பட்ட மதகுருமார் டாகாவில் அடைபட்டிருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள்' என்று ஒருவர் சொன்னால்தான் வெறும் சரளைக்கல் முன்னால் நிற்கத் தோன்றும்.

அருங்காட்சியகமும் அப்படித்தான். பலகை பலகையாக எழுத்து. முழுவதையும் படிக்க ஒரு நாள் போதாது. எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம் என்று தெரிந்த ஆள் கூட இருப்பது நல்லது.

நினைவிடமே நடத்தும் பொதுச் சுற்று போதாதா? தனி வழிகாட்டி வேண்டுமா?

நீங்கள் ஒருவரோ இருவரோ, ஆங்கிலம் சரளம், கால் நன்றாக நடக்கும் என்றால் பொதுச் சுற்றே போதும், நான் அதைத்தான் சொல்வேன். தினமும் ஆங்கிலத்தில் நடக்கிறது, சுமார் இரண்டரை மணி நேரம், கட்டணமும் மிகக் குறைவு. நேரத்தை நினைவிடத்தின் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பும்.

தனி வழிகாட்டிக்குக் காசு செலவழிக்கலாம் என்று நான் நினைப்பது மூன்று சூழ்நிலைகளில். வயதான பெற்றோர் கூட வருகிறார்கள், முப்பது பேர் கூட்டத்தின் வேகத்துக்கு அவர்களால் நடக்க முடியாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள், தனியாக இருந்தால் கேள்வி கேட்பார்கள். மூன்றாவது, உங்களுக்கென்று ஏதாவது குறிப்பான ஆர்வம் இருக்கிறது: மருத்துவப் பரிசோதனைகள், பாதிரியார்கள், இந்திய வம்சாவளி உளவாளி நூர் இனாயத் கான், எதுவானாலும்.

'ஸ்டேட்டஸ்' பார்த்துத் தனி வழிகாட்டி எடுப்பதில் அர்த்தமில்லை. வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அங்கே வரிசையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

நம்பகமான வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நினைவிடத்துக்குள் வழிகாட்டுவதற்கு நினைவிடமே பயிற்சி தந்து அனுமதி கொடுத்திருக்க வேண்டும். எனவே முதல் கேள்வி அதுதான்: 'டாகாவ் நினைவிடத்தின் அனுமதி உங்களிடம் இருக்கிறதா?' உள்ளவர் உடனே ஆமாம் என்பார். இல்லாதவர் மியூனிக் நகர வழிகாட்டி உரிமம், பத்து வருட அனுபவம் என்று வேறு பக்கம் போவார்.

வழி இரண்டு. நினைவிடத்துக்கே எழுதி உங்கள் குழுவுக்கென்று ஒரு சுற்றைப் பதிவு செய்யலாம். கட்டணம் தலைக்கு அல்ல, குழுவுக்கு என்பதால் இரண்டு குடும்பம் சேர்ந்தால் மலிவு. சில வாரங்கள் முன்பே கேட்க வேண்டும். அல்லது மியூனிக்கிலிருந்து நடத்தும் சுற்றுலா நிறுவனங்களிடம் எடுக்கலாம். விலை அதிகம், ஆனால் ஹோட்டலிலிருந்தே அழைத்துப்போவார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். விளம்பரத்தில் 'திகில்', 'நடுங்கவைக்கும்' போன்ற சொற்கள் இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். பேய் பங்களா காட்டுகிற குரலில் இந்த இடத்தைக் காட்டுகிறவரோடு மூன்று மணி நேரம் நடக்க முடியாது.

தமிழில் சொல்ல ஆள் கிடைப்பார்களா? அம்மாவுக்கு ஆங்கிலம் வராது.

ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். உண்மையில் தனி வழிகாட்டியின் பெரிய பயன் இங்கேதான். பொதுச் சுற்றில் நீங்கள் அம்மாவுக்குக் காதில் கிசுகிசுத்தால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார், அதற்குள் வழிகாட்டி அடுத்த இடத்துக்குப் போயிருப்பார். தனியாக எடுத்தால், பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம்: 'ஒவ்வொரு இடத்திலும் நான் மொழிபெயர்க்க நேரம் வேண்டும்.' பெரும்பாலானவர்கள் அதற்கேற்றபடி துண்டு துண்டாகப் பேசுவார்கள். மூன்று மணி நேரச் சுற்று நாலு மணி ஆகும், நேரத்தையும் அப்படியே கேட்டு வாங்குங்கள்.

மொழிபெயர்ப்பவருக்கு ஒரு யோசனை. முந்தின நாளே அம்மாவுக்குக் கதையின் எலும்புக்கூட்டைச் சொல்லிவிடுங்கள்: ஹிட்லர் யார், ஏன் யூதர்கள்மேல் வெறுப்பு, போர் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. அங்கே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினால் வாசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

சுற்றில் என்னென்ன பார்ப்போம்?

வழக்கமான தொடக்கம் யூர்ஹவுஸ் என்ற வாயிற்கட்டடம். அதன் இரும்புக் கதவில் 'உழைப்பு விடுதலை தரும்' என்ற ஜெர்மன் வாசகம். அந்தக் கதவை 2014 நவம்பரில் யாரோ இரவோடு இரவாகத் திருடிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து நார்வேயின் பெர்கன் நகர்ப் பக்கம் கிடைத்தது. இப்போது வாசலில் இருப்பது நகல், அசல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

அடுத்து, கணக்கெடுப்பு மைதானம். காலையும் மாலையும் எல்லாக் கைதிகளும் இங்கே அசையாமல் நிற்க வேண்டும், முந்தின இரவு செத்தவர்களையும் தூக்கிக்கொண்டு வந்து எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். வழிகாட்டி பேசி முடிக்கும் பத்து நிமிடத்திலேயே ஜனவரிக் குளிர் உங்களுக்கு மீதியைச் சொல்லிவிடும்.

பழைய பராமரிப்புக் கட்டடத்தில் அருங்காட்சியகம். அங்கே நான் கட்டாயம் கேட்கச் சொல்வது 1933-ன் கதை. ஏப்ரல் 12 அன்று, முகாம் திறந்து மூன்று வாரத்தில், நான்கு யூதக் கைதிகளைச் சுட்டார்கள், 'தப்பி ஓடினார்கள்' என்று எழுதினார்கள். யோசஃப் ஹார்ட்டிங்கர் என்ற அரசு வழக்கறிஞர் அதை நம்பவில்லை. நேரில் வந்து விசாரித்து, தொடர்ந்து நடந்த மரணங்களையும் சேர்த்துக் கொலைவழக்கு தயாரித்தார். வழக்கை மேலிடம் அமுக்கிவிட்டது, முதல் தளபதியை மட்டும் மாற்றினார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கோப்பு போதும்.

அப்புறம் 'பங்கர்' என்ற முகாம் சிறை. 1939 நவம்பர் 8 அன்று மியூனிக் பீர் மண்டபம் ஒன்றில் ஹிட்லருக்குக் குண்டு வைத்த தச்சர் கியோர்க் எல்சர் கடைசியில் அடைபட்டிருந்தது இங்கே. ஹிட்லர் சில நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டதால் தப்பினார். எல்சரை 1945 ஏப்ரல் 9 அன்று, விடுதலைக்கு இருபது நாள் இருக்கும்போது, சுட்டுக் கொன்றார்கள்.

திரும்பக் கட்டிய பாரக்கில் மூன்று காலகட்டத்துப் படுக்கைகளைக் காட்டுகிறார்கள். முதலில் தனித்தனிக் கட்டில், கடைசியில் வெறும் பலகைத் தட்டு. 200 பேருக்கென்று கட்டிய ஒரு பாரக்கில் முடிவில் 2,000 பேர்வரை அடைத்தார்கள். அங்கிருந்து இருபுறமும் பாப்லர் மரங்கள் நிற்கும் நீண்ட பாதை, அதன் முடிவில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், யூத நினைவாலயங்கள், ஒரு கன்னியர் மடம். இடது பக்கம் ஓடையைத் தாண்டினால் பிணம் எரிக்கும் கூடம். பல வழிகாட்டிகள் வெளியிலேயே விளக்கிவிட்டு உங்களைத் தனியே உள்ளே அனுப்புவார்கள். அதுதான் சரி என்பது என் கட்சி.

இந்தியர் யாராவது இங்கே இருந்திருக்கிறார்களா?

நூர் இனாயத் கான். தந்தை இந்திய சூஃபி இசைஞர் ஹஸ்ரத் இனாயத் கான், தாய் அமெரிக்கர். தந்தைவழியில் திப்பு சுல்தானின் வம்சம். 1914-ல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர், பிரிட்டனின் ரகசியப் படையில் சேர்ந்து, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சுக்கு 1943 ஜூனில் ஒயர்லெஸ் இயக்குநராகப் போனார். அந்த வேலைக்கு அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் அவர். கூட்டாளிகள் வரிசையாகப் பிடிபட்டபோதும் திரும்ப மறுத்து, பாரிஸில் இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் பிடிபட்டார். மாதக்கணக்கில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று மூன்று சக பெண் உளவாளிகளோடு டாகாவில் கொல்லப்பட்டார். பிரிட்டன் 1949-ல் ஜார்ஜ் கிராஸ் விருதை அவருக்கு அளித்தது.

அந்த நால்வருக்கும் பிணம் எரிக்கும் கூடத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. தானாகக் கண்ணில் படாது. தனி வழிகாட்டி எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அங்கே நின்று சொல்வார்.

பிள்ளைகளை அழைத்துப்போகலாமா?

12, 13 வயதுக்குக் கீழே வேண்டாம். நினைவிடத்தின் பரிந்துரையும் ஏறத்தாழ இதுவே. காட்சியில் இருக்கும் புகைப்படங்கள் கடுமையானவை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர்களில் ஒருவர் அவர்களோடு மியூனிக்கிலேயே தங்கிவிடுவது நல்லது. மைதானத்தில் ஓடி விளையாடும் குழந்தையைத் துரத்திக்கொண்டே எல்சரைப் பற்றிக் கேட்க முடியாது.

அப்பாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

இடம் சமதளம், ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் சரளைக்கல் தரை, தூரமும் அதிகம், கோடையில் நிழல் குறைவு. தனி வழிகாட்டியிடம் சொன்னால் உட்கார இடம் உள்ள வரிசையில் சுற்றை அமைப்பார். அருங்காட்சியகத்தில் போடும் ஆவணப்படத்தை நடுவில் வைத்துக்கொண்டால் அப்பாவுக்கு ஓய்வாகவும் இருக்கும். குளிர்காலத்தில் தடிமனான சாக்ஸ், குல்லாய், இரண்டும் கட்டாயம்.

மியூனிக்கிலிருந்து எப்படிப் போவது?

எஸ்-2 புறநகர் ரயிலில் டாகாவ் நிலையம், சுமார் 25 நிமிடம். வெளியே வந்து 726 எண் பேருந்து, நினைவிடத்து வாசலிலேயே இறக்கிவிடும். எம்-1 மண்டலத்துக்கான நாள் டிக்கெட் எடுங்கள். குழு டிக்கெட் ஒன்றில் ஐந்து பெரியவர்கள்வரை போகலாம். நடக்க விரும்பினால் நிலையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் 'நினைவுப் பாதை' இருக்கிறது, கைதிகளை நடத்திப்போன வழியைத் தகவல் பலகைகளோடு காட்டுகிறது. திறப்பு காலை 9 முதல் மாலை 5 வரை. டிசம்பர் 24 விடுமுறை.

உடை, போட்டோ, சாப்பாடு?

சொந்தப் பயன்பாட்டுக்குப் போட்டோ எடுக்கலாம். பிணம் எரித்த அடுப்பின் முன் செல்ஃபி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் எடுக்காதீர்கள். உள்ளே சாப்பிடக்கூடாது. வாசலுக்கு வெளியே வருகையாளர் மையத்தில் உணவகம் உண்டு. சைவமென்றால் கையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதே நிம்மதி.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்வஸ்திக் டாலர், ஸ்வஸ்திக் போட்ட துணிப்பை, சட்டை இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நமக்கு அது பிள்ளையார் சமாச்சாரம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. மத வழக்கத்தைக் குறிவைத்து வந்த சட்டம் அல்ல அது. ஆனாலும் தாத்தாவை இந்த முகாமில் பறிகொடுத்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

'நம்ம நாட்டுக்கும் ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வேணும்' என்று சொல்லும் மாமா கூட வருகிறார். என்ன செய்வது?

அழைத்துப்போங்கள், தனி வழிகாட்டியோடு. கூட்டத்தின் நடுவில் அவர் இதைச் சொன்னால் உங்களுக்குத் தர்மசங்கடம். தனியாக இருந்தால் வழிகாட்டியிடமே கேட்கட்டும். இதுபோன்ற கேள்விகளுக்கு அவர்கள் பழகியவர்கள், கோபப்பட மாட்டார்கள். ஒழுங்கு, கட்டுப்பாடு என்று மாமா நினைப்பதெல்லாம் டாகாவில் எப்படி நடைமுறையானது என்று காட்டுவார்கள்: படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்ததற்கு என்ன தண்டனை, கைதி எந்த வகை என்று காட்ட யாருடைய உடுப்பில் எந்த நிற முக்கோணம். நேதாஜி 1942-ல் ஹிட்லரைச் சந்தித்ததையும் மாமா இழுக்கலாம். அது நடந்ததுதான், நேதாஜி தேடியது பிரிட்டிஷாருக்கு எதிரான ராணுவ உதவி. இந்த முகாமைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அது பதிலாகாது.

வழிகாட்டிக்கு டிப்ஸ் தரவேண்டுமா?

நினைவிடத்தின் வழிகாட்டிக்குத் தேவையில்லை. தனியார் நிறுவனத்து வழிகாட்டிக்குப் பிடித்திருந்தால் கொஞ்சம் கொடுக்கலாம், யாரும் எதிர்பார்த்துக் கையை நீட்ட மாட்டார்கள்.

அதே நாளில் வேறு எதையாவது சேர்க்கலாமா?

காலையில் டாகாவ், மதியம் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை என்று ஒரே நாளில் விற்கும் பேக்கேஜ் வேண்டாம். பாதி நேரம் பேருந்தில் போகும், இரண்டும் மனதில் நிற்காது.

நேரம் இருந்தால் நினைவிடத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஹெபர்ட்ஸ்ஹவுசன் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குப் போகலாம். 1941, 42-ல் 4,000-க்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளைச் சுட்ட இடம். கூட்டமே இருக்காது. பொதுச் சுற்றில் இது வராது, தனி வழிகாட்டியிடம் கேட்டால் அழைத்துப்போவார். மழை பெய்தால் மியூனிக்குக்குத் திரும்பி, 2015-ல் திறந்த நாஜி வரலாற்று ஆவண மையத்தைப் பாருங்கள். நாஜிக் கட்சியின் தலைமையகம் இருந்த அதே மனையில் கட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.